ரயில் 3 மணி நேரம் லேட்டா? முழுப் பணமும் கிடைக்கும், ஆனால் எப்போது கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம்

தொலைதூர ரயிலில் பயணிக்கு இருக்கும் உரிமைகள் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதில் பாதி, கேட்க வேண்டிய நேரம் தாண்டிப்போவதாலேயே வீணாகிறது. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று நாளையும் தாண்டி ஓடுகிற வண்டி. அவ்வளவு தூரத்தில் தாமதம் ஆவதும், ஏசி படுத்துக்கொள்வதும், அடுத்த வண்டியைத் தவறவிடுவதும் நடக்கத்தான் செய்யும். நடந்தால் என்ன செய்யலாம் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் தாமதம். நீங்கள் ஏற வேண்டிய ஸ்டேஷனுக்கு வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் லேட்டாக வருகிறது, நீங்களும் போக வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் முழுக் கட்டணமும் திரும்பும், பிடித்தம் கிடையாது. ஆனால் அந்த வண்டி உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன் கேட்டாக வேண்டும்: ஆன்லைன் டிக்கெட் என்றால் ஐஆர்சிடிசி கணக்கில் 'ஃபைல் டிடிஆர்' (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட வேண்டும், கவுன்ட்டரில் வாங்கியது என்றால் கவுன்ட்டரிலேயே ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு. வண்டி லேட்டாக வந்து நீங்கள் அதிலேயே ஏறிப் போய்விட்டாலும் இந்தப் பணம் வராது, எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் சரி.

தட்கலில் எடுத்த கன்ஃபர்ம் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த 3 மணி நேர விதி தட்கலுக்கும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. ஒரு சின்ன முடிச்சு மட்டும் இருக்கிறது: தாமதத்தை, டிக்கெட்டில் பயணம் தொடங்கும் ஸ்டேஷனை வைத்துக் கணக்கிடுவார்கள். நீங்கள் போர்டிங் பாயின்ட்டை வேறு ஊருக்கு மாற்றியிருந்தால் அந்த ஊர்த் தாமதம் கணக்கில் வராது.

இரண்டு வண்டி மாறிப் போகிறவர்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஒரு நல்ல வசதி வந்தது, ஆனால் பயன்படுத்துகிறவர்கள் குறைவுதான். முதல் வண்டியின் பிஎன்ஆரையும் (டிக்கெட்டில் இருக்கும் பதிவு எண்) இரண்டாவது வண்டியின் பிஎன்ஆரையும் இணைத்துக்கொள்ளலாம். பயணிகளின் பெயர் விவரங்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இறங்கும் ஸ்டேஷனே அடுத்ததில் ஏறும் ஸ்டேஷனாகவும் இருக்க வேண்டும். முதல் வண்டி லேட்டாகி இரண்டாவதைத் தவறவிட்டால், போகாத பகுதிக்கான கட்டணம் ரத்துக் கட்டணம் இல்லாமல் திரும்பும். இதற்கும் கெடு இருக்கிறது: முதல் வண்டி வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும். மூட்டை முடிச்சோடு பிளாட்ஃபாரத்தில் நிற்கும்போது கோபம்தான் முதலில் வரும், ஆனால் அந்த நேரத்தில்தான் போனை எடுத்து இதைச் செய்தாக வேண்டும்.

ஏசி வேலை செய்யாவிட்டால், வேலை செய்யாத தூரத்துக்கு ஏசி கட்டணத்துக்கும் சாதாரணக் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சேர வேண்டியது. இறங்கும் இடம் வந்த 20 மணி நேரத்துக்குள் டிடிஆர் போட வேண்டும். வாங்கியதைவிடக் குறைந்த வகுப்பில் உட்கார வைத்தாலும் வித்தியாசத் தொகை உண்டு. இரண்டுக்கும் டிடிஇயிடம் (டிக்கெட் பரிசோதகர்) எழுத்தில் ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு பிறகு எங்கேயும் நிற்காது. அப்புறம், டிடிஆர் போட்டால் மறுநாளே பணம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். ரயில்வே சரிபார்த்துத்தான் கொடுக்கும், இரண்டு மாதம்கூட இழுக்கலாம்.

இனி டிக்கெட் நிலைமை. ஆர்ஏசி என்றால் வண்டியில் ஏறலாம், உட்கார இடம் நிச்சயம், படுக்க இடம் நிச்சயமில்லை. பழைய மாதிரி ஸ்லீப்பர் பெட்டியில் 7, 15, 23 என்று எட்டெட்டாகப் போகும் சைடு லோயர் பெர்த்தில் இரண்டு பேரைப் போடுவார்கள். பகலில் ஆளுக்கொரு ஜன்னலோர சீட், கேட்கவே நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி அந்த இரண்டு சீட்டையும் சேர்த்து ஒரே படுக்கையாக்கி, முன்பின் தெரியாத இரண்டு பேர் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தே தூங்க வேண்டியதுதான். யாராவது வராமல் காலியாகும் பெர்த் ஆர்ஏசி வரிசைப்படி போக வேண்டும், அதனால் டிடிஇ வந்ததும் தயங்காமல் கேளுங்கள், அவர் கையிலிருக்கும் கருவியிலேயே எது காலி என்று தெரியும்.

ஆன்லைனில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் அப்படியே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்கு வந்துவிடும், அதை வைத்து வண்டியில் ஏறக் கூடாது. ஆனால் ஒரே பிஎன்ஆரில் நான்கு பேரில் இருவருக்கு கன்ஃபர்ம், இருவருக்கு வெயிட்டிங் என்றால் கதையே வேறு. அது தானாக ரத்தாகாது, நாலு பேரும் ஏறலாம். யாருமே போகவில்லை என்றால் வண்டி கிளம்ப 30 நிமிடத்துக்கு முன் நீங்களே மொத்த டிக்கெட்டையும் ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் டிடிஆர் போட்டாக வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

படுக்கைச் சண்டைக்கு நேரக் கணக்கு இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரைதான் படுக்கும் நேரம். அதற்கு வெளியே, கீழே இருப்பவர் உட்கார வேண்டும் என்றால் மிடில் பெர்த்தை மடக்கித்தான் ஆக வேண்டும். உடம்பு முடியாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் என்றால் மற்றவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் ரயில்வே சுற்றறிக்கையே சொல்கிறது. லோயர் பெர்த் ஒதுக்கீட்டில் 60 வயது ஆண்களும் 45 வயது முடிந்த பெண்களும் கர்ப்பிணிகளும் வருவார்கள், இடம் இருந்தால்தான் கிடைக்கும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதையும் இந்த ஒதுக்கீட்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குழந்தை விஷயம் சுருக்கமாக: 5 வயதுக்குள் தனி இடம் வேண்டாம் என்றால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி.

தனியாகப் போகும் பெண்களுக்கு ரயில்வே சட்டத்தின் 139-வது பிரிவு தெரிந்திருப்பது நல்லது. ஆண் துணையில்லாமல் போகும் பெண்ணையோ குழந்தையையோ, டிக்கெட் இல்லை என்றாலும் நடுவழி ஸ்டேஷனில் இறக்கிவிட முடியாது. ஏறிய ஸ்டேஷன், ஜங்ஷன், கடைசி ஸ்டேஷன், மாவட்டத் தலைநகர் ஸ்டேஷன், இவற்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும். அபராதம் தனி, அதிலிருந்து இது காப்பாற்றாது. உதவி எண்ணும் அதே 139தான், பாதுகாப்பு, மருத்துவம், அழுக்கு டாய்லெட் எல்லாவற்றுக்கும் ஒரே எண். பேசும்போது பிஎன்ஆரும் பெட்டி எண்ணும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக அந்த 45 பைசா காப்பீடு. ஆன்லைனில் பதிவு செய்யும்போது டிக் செய்தால் விபத்தில் உயிரிழப்புக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ரயில்வே தரும் இழப்பீட்டுக்கு மேல் இது தனி. பணம் கட்டியதோடு வேலை முடியவில்லை. காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரும் லிங்கைத் திறந்து நாமினி பெயரைப் போட வேண்டும். அந்த மெசேஜை விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள், டிக்கெட் எடுத்த சூட்டோடு போட்டுவிடுங்கள்.