விக்டோரினொக்ஸா, வெங்கரா? சிலுவையைப் பார்க்காதீர்கள், அலகின் அடியைப் பாருங்கள்

போன கிழமை ஒரு அக்கா கடைக்கு வந்தார். கைப்பைக்குள் இருந்து இரண்டு சிவப்பு வில்லுக்கத்திகளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டிலும் வெள்ளைச் சிலுவை.

"தம்பி, இது இவர் றெஸ்ரோறண்டில வேலை செய்யேக்க வைச்சிருந்தது. கத்திரிக்கோல் இறுகிப்போச்சு. மற்றது மகன் ஒன்லைனில எடுத்தவன். அதாலதான் அவனுக்கு விரல் வெட்டினது, மூண்டு தையல். எது விக்டோரினொக்ஸ், எது வெங்கர் எண்டு பாத்துச் சொல்லும்."

விக்டோரினொக்ஸ், வெங்கர் இரண்டும் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி செய்த நிறுவனங்கள். பழையது வெங்கர். புதியது இரண்டும் இல்லை.

சுவிஸில் கத்தி விற்கிற, தீட்டுகிற, திருத்துகிற கடையொன்றில் பல வருடங்களாக நிற்கிறேன். ஊருக்குப் போகும்போது மச்சானுக்கும் மருமகனுக்கும் கொடுக்க இந்தக் கத்தியை வாங்கும் நம்மவர்கள் பலர். இரண்டில் எது நல்லது என்று வாதாடிக்கொண்டே வருவார்கள். அந்த வாதத்துக்கு நடுவே மூன்றாவது ஒன்று வீட்டுக்குள் வந்து விரலை வெட்டிவிட்டுப் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டையும் பார்ப்போம். கார்ல் எல்ஸனர் 1884-இல் ஷ்விட்ஸ் மாநிலத்தின் இபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை தொடங்கினார். அந்தக் காலத்தில் சுவிஸ் இராணுவத்துக்குப் புதுத் துப்பாக்கி வந்திருந்தது. அதைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டும், சாப்பாட்டுப் பேணியைத் திறக்கவும் ஏதாவது வேண்டும். இரண்டையும் செய்யும் கத்தியை இராணுவம் தேடியது. முதலில் அது ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில் இருந்துதான் வந்தது. சொந்த நாட்டுப் படைவீரனின் கத்தி பிறநாட்டில் செய்யப்படுவதா என்று எல்ஸனர் முனைந்து, 1891-இல் தன் கத்தியைக் கொடுத்தார். 1897-இல் தக்கை திருகியும் சின்ன அலகும் சேர்த்து 'அதிகாரிகள் கத்தி'யைப் பதிவு செய்தார். இன்று நாம் சட்டைப்பையில் வைத்திருப்பது அதன் வாரிசு. தாய் விக்டோரியா 1909-இல் இறந்தபோது அவர் பெயரைப் பட்டறைக்கு வைத்தார்கள். 1921-இல் கறள் பிடிக்காத உருக்கு வந்ததும், அதன் பிரெஞ்சுப் பெயரில் இருந்த 'இனொக்ஸ்' அதோடு ஒட்டிக்கொண்டது.

வெங்கர் மறுபக்கத்தது. பிரெஞ்சு பேசும் ஜூராவில், டெலெமோன் நகரை ஒட்டி 1893-இல் தொடங்கியது. ஜெர்மன் பேசும் பகுதிக்கும் பிரெஞ்சு பேசும் பகுதிக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று இராணுவம் 1908-இலிருந்து கொள்முதலை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தது. ஒருவர் 'ஒறிஜினல்' என்று போட்டால், மற்றவர் 'ஜெனுவின்' என்று போட்டார். நம் ஆட்களில் சிலர் இந்த இரண்டு சொல்லை வைத்தே ஒன்று அசல், மற்றது நகல் என்று நினைக்கிறார்கள். இரண்டுமே அசல்தான்.

2005-இல் வெங்கரை விக்டோரினொக்ஸ் வாங்கியது. 2013-இல் வெங்கர் பெயரில் கத்தி செய்வதை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெயர் கைக்கடிகாரத்திலும் பையிலும் தொடர்ந்தது. ஆகவே யாராவது உங்களிடம் 'புத்தம்புது வெங்கர் கத்தி, இந்த வருடத் தயாரிப்பு' என்று விற்றால், நன்றாக விசாரிக்காமல் காசு கொடுக்காதீர்கள். பழைய இருப்பு, பாவித்தது என்று சொல்லி விற்பது வேறு கதை.

இனி அந்த அக்காவின் கணவருடைய கத்தி. மூடிய நிலையில் 85 மில்லிமீட்டர். விக்டோரினொக்ஸின் வழமையான அதிகாரிகள் கத்தி 91. வெங்கரின் சிலுவை மூலை வளைந்த சதுரத்துக்குள் இருக்கும். விக்டோரினொக்ஸின் சிலுவை கேடயத்துக்குள் இருக்கும். கத்திரிக்கோலை மெல்ல இழுத்துத் திறந்தேன். இடுக்கில் மாவும் நூலும் எண்ணெயும் இறுகிக் கறுத்த களிம்பாகக் கிடந்தன. சமையலறையில் கழிந்த வருடங்கள் அப்படியே அதற்குள் இருந்தன. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, பல்துலக்கும் தூரிகையால் தேய்த்து, ஒரு துளி எண்ணெய் விட்டு இருபது முப்பது தடவை திறந்து மூடியதும் கத்திரிக்கோல் பழையபடி துள்ளியது.

எனக்குக் கேட்டால், கத்திரிக்கோலில் வெங்கர்தான் மேல். அதன் அலகில் நுண்ணிய பற்கள் இருக்கின்றன. துணியும் நூலும் வழுக்காது. தனியாகச் சின்ன வில் கிடையாது, கத்தியின் முதுகு வில்லே அதைத் திருப்பித் தள்ளும். விக்டோரினொக்ஸில் மெல்லிய தனி வில் ஒன்று இருக்கும். அது முறிந்து வருவதை அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை. வெங்கரின் சில மாதிரிகளில் பெரிய திருப்புளியை அழுத்தும்போது அது தானாகப் பூட்டிக்கொள்ளும்; இறுகிய ஆணியோடு மல்லுக்கட்டும்போது கைமேல் மடியாது. இதை யோசித்தவரை நான் மனதார மெச்சுகிறேன்.

ரின்மீன் பேணி திறப்பதில் நான் விக்டோரினொக்ஸ் பக்கம். அதன் திறப்பான் சின்னச் சின்னக் கடியாக முன்னோக்கிப் போகும், விளிம்பு ஒழுங்காக வரும். வெங்கருடையது கொக்கி போல, பின்னோக்கி இழுத்து வெட்டும். ஒன்றில் பழகியவர் மற்றதை எடுத்தால் தடுமாறுவார், 'இது மொட்டை' என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருவார். மொட்டை இல்லை, திசை மாறிப் பிடித்திருக்கிறார். அலகைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு கிடையாது. விக்டோரினொக்ஸ் அலகு, உருக்கின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56. அதற்கு மேல் கடினமாக்கலாம், ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் சாதாரண மனிதன் தீட்ட முடியாமல் போகும். இரண்டு பக்கமும் 15 முதல் 20 பாகை வைத்துத் தீட்டுங்கள், போதும்.

இனி அந்த மூன்றாவது கத்தி. மகன் அட்டைப்பெட்டியில் துளை போட நுனியால் குத்தியிருக்கிறான். அலகு மடிந்து சுட்டுவிரலில் இறங்கியிருக்கிறது. நான் அதைத் திறந்தபோது 'டக்' என்ற சத்தமே இல்லை. நல்ல வில்லுக்கத்தியில் அலகு பாதி வழியில் கையைவிட்டுப் பாயும், கடைசியில் சத்தத்தோடு நிற்கும். இது வாழைப்பழத் தோல் மாதிரித் தொய்ந்து திறந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே கோடாக வெளிச்சம் வந்தது. சாமணத்தின் இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடவில்லை. அலகின் அடியில், பிடிக்குள் நுழையும் இடத்தில், 'ஸ்டெயின்லெஸ்' என்ற ஒற்றைச் சொல். நிறுவனப் பெயர் இல்லை, நாட்டின் பெயர் இல்லை.

அந்த இடத்தைத்தான் முதலில் பாருங்கள். விக்டோரினொக்ஸ் என்றால் அலகின் அடியில் பெயரும் 'சுவிஸ் மேட்' என்பதும் தெளிவாக வெட்டப்பட்டிருக்கும். வெங்கர் என்றால் பெயரோடு டெலெமோன் என்ற ஊர்ப் பெயரைப் பெரும்பாலும் காணலாம். பழைய கத்திகளில் 'விக்டோரியா' என்றும், 'ஒஃபிசியே சுவிஸ்' என்றும் எழுதியிருக்கும். அவற்றைப் போலி என்று எறிந்துவிடாதீர்கள். திறப்புக்கோர்வையில் தொங்கும் 58 மில்லிமீட்டர்ச் சின்னக் கத்தியில் சிலுவை தேய்ந்து அழிந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். சட்டைப்பையில் உரசினால் அசலிலும் அது அழியும்.

அசல் என்றாலும் ஒன்றை மறக்கக் கூடாது. பூட்டு இல்லாத வில்லுக்கத்தியில் அலகைப் பிடித்து வைத்திருப்பது வில்லின் இறுக்கம் மட்டும்தான். இழுத்து வெட்டலாம், சீவலாம். நுனியால் குத்தித் துளைக்க அதே கத்தியில் துளையூசி இருக்கிறது. அதற்கும் பூட்டு இல்லை, ஆகவே அழுத்தம் நேராகப் போகட்டும், மற்றக் கை பின்னால் இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் இதை ஒரு தடவை செய்து காட்டிவிட்டுக் கொடுங்கள்.

"அப்ப பூட்டு உள்ளதையே வாங்கலாமே" என்று கேட்பார்கள். 111 மில்லிமீட்டர் வரிசையில் இருக்கிறது. இராணுவத்தின் 2008 மாதிரியும் பூட்டோடு ஒரு கையால் திறப்பது. இங்கே வைத்திருக்கலாம், இராணுவக் கத்தி போன்ற வில்லுக்கத்தி ஆயுதம் அல்ல என்று சுவிஸ் ஆயுதச் சட்டமே சொல்கிறது. ஆனால் லண்டனில் இருக்கும் உறவுக்கு அதை அனுப்பாதீர்கள். பிரித்தானியாவில் அலகின் வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடிப்புக் கத்தியைத்தான் காரணம் சொல்லாமல் வெளியில் கொண்டு திரியலாம். பூட்டு இருந்தால், தக்க காரணம் இல்லாமல் சட்டைப்பையில் வைத்திருப்பதே குற்றம். ஜெர்மனியிலும் ஒரு கையால் திறந்து பூட்டும் கத்தியோடு வெளியில் திரியக் கட்டுப்பாடு உண்டு. அன்பளிப்புக் கொடுத்து ஒரு பெடியனைப் பொலிசில் நிறுத்த வேண்டாம். விமானத்தில் எது என்றாலும் பெரிய பொதிக்குள் போடுங்கள்.

கத்தியின் மூட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 பாகைக்குக் கீழே அது உறையும்; இந்த ஊர்க் குளிரில் கத்தி திறக்காது. உணவுக்கு ஏற்ற, உறையாத எண்ணெய் ஒரு துளி போதும்.

பழைய வெங்கரைத் திருத்த நிறுவனத்துக்கு அனுப்புகிறவர்கள், 'மாற்றித் தர வேண்டாம், திருத்த முடியாவிட்டால் இதையே திருப்பி அனுப்பவும்' என்று துண்டு எழுதி வையுங்கள். வெங்கர் உதிரிப்பாகம் இப்போது அரிது. அக்காவின் கத்திக்குப் பாகம் எதுவும் தேவைப்படவில்லை, அழுக்குத்தான். அதைத் துடைத்துக் கொடுத்தபோது கத்திரிக்கோலால் தன் சட்டைக் கையில் தொங்கிய நூலை வெட்டிப் பார்த்தார். மகனுடைய கத்தியை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அது இப்போது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அசல் கத்தியோடு கிடக்கிறது. வருகிறவர்களை இரண்டையும் கையில் எடுத்துத் திறந்து, சத்தத்தைக் கேட்கச் சொல்கிறேன்.