டெக்சாஸில் நிலம் வைத்திருப்போருக்கு: வேட்டைப் பருவத்தில் அத்துமீறி நுழைவோரைச் சட்டப்படி தடுப்பது எப்படி?

டெக்சாஸ் மாநிலத்தின் நிலப்பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது தனியாருக்குச் சொந்தமானது. அதனால் அங்கே மான் வேட்டை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய நிலத்தில், அவருடைய அனுமதியின் பேரிலோ குத்தகையின் பேரிலோதான் நடக்கிறது. ஹூஸ்டன், டல்லாஸ், ஆஸ்டின் நகரங்களில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சில, நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருபது ஏக்கர், நாற்பது ஏக்கர் என்று நிலம் வாங்கிப் போட்டிருக்கின்றன. வாங்கியவர்களில் பலர் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் வெள்ளைவால் மான் நடமாடும் காடும் ஓடையும் இருந்துவிட்டால், சொந்தக்காரர் வேட்டையாடினாலும் ஆடாவிட்டாலும், ஊரார் கண்ணில் அது வேட்டை நிலம்தான். நவம்பர் முதல் சனிக்கிழமை துப்பாக்கிக்கான பொதுப் பருவம் தொடங்கியதும், ஆளில்லாத நிலம் எது என்று தேடுகிறவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். வாரக்கடைசியில் மட்டும் போய்ப் பார்த்துவரும் நிலத்தில் அவர்கள் நுழையாமல் தடுக்கச் சட்டம் என்ன வழி தருகிறது, அந்த வழி பலிக்க நாம் என்ன செய்து வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 30.05ஆம் பிரிவு, பிறர் நிலத்தில் கால் வைத்ததை மட்டும் குற்றமாகக் கருதுவதில்லை. நுழையக் கூடாது என்ற அறிவிப்பு இருந்தும் ஒருவர் சொந்தக்காரரின் சம்மதமின்றி நுழைந்தாலோ, வெளியேறச் சொன்ன பிறகும் வெளியேறாமல் நின்றாலோதான் அது அத்துமீறல் குற்றமாகிறது. எனவே வழக்கு என்று வந்தால், "எனக்குத் தெரியாது, வழிதவறி வந்துவிட்டேன்" என்று நுழைந்தவர் சொல்வதற்கு இடமில்லாதபடி அறிவிப்பு இருந்ததா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அந்த அறிவிப்பை நிறுவி வைக்கும் பொறுப்பு நம்முடையது.

அறிவிப்பு எவ்வெவ்வாறு இருக்கலாம் என்பதைச் சட்டமே சொல்லியிருக்கிறது. சொந்தக்காரரோ அவர் சார்பில் பேசும் உரிமையுள்ளவராகத் தோன்றும் ஒருவரோ வாய்மொழியாகவோ எழுத்திலோ சொல்வது ஒரு வகை. ஆட்களை வெளியே நிறுத்தவோ கால்நடைகளை உள்ளே வைத்திருக்கவோ போடப்பட்டது என்று பார்த்தவுடன் தெரிகிற வேலி இன்னொரு வகை. சாதாரண முள்கம்பி வேலியே இதற்குப் போதும். நுழைபவர் கண்ணில் படக்கூடிய இடத்தில் வைத்த பலகையும் அறிவிப்புதான். மனிதர் உண்பதற்காகப் பயிரிடப்பட்டு விளைந்து நிற்கும் பயிரும் அறிவிப்பாகவே கொள்ளப்படுகிறது. இந்தக் கடைசி வகையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கோதுமை வயல் இதில் அடங்கும். மாட்டுக்காக வளர்க்கும் வைக்கோல் புல் அடங்காது. ஆகவே புல்வெளியை மட்டும் நம்பியிருப்பவர்கள் வேலி, பலகை, பெயின்ட் ஆகியவற்றில் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெயின்ட்தான் புதிதாக நிலம் வாங்கியவர்கள் பலருக்குத் தெரியாத ஏற்பாடு. 1997ஆம் ஆண்டு முதல் டெக்சாஸில் மரத்திலோ கம்பத்திலோ இழுக்கப்பட்ட ஊதா நிறக் கோடு, "அனுமதியின்றி நுழையாதே" என்ற பலகைக்குச் சமமான சட்ட மதிப்பு உடையது. இந்த முறை ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 1989இல் தொடங்கிப் பிறகு வேறு சில மாநிலங்களுக்கும் பரவியது. பலகையைப் பிடுங்கி எறிந்துவிடலாம், துப்பாக்கியால் சுட்டுத் துளைத்துவிடலாம், காற்றும் வெயிலும் இரண்டே ஆண்டில் எழுத்தை அழித்துவிடும். மரத்தில் பூசிய பெயின்ட்டை அத்தனை எளிதாக எடுக்க முடியாது. வெட்டுமரங்களை அடையாளமிட வனத்துறையினரும் மரம் வாங்குவோரும் நீலம், சிவப்பு, ஆரஞ்சு போன்ற நிறங்களைப் பயன்படுத்துவதால், அவற்றோடு குழம்பாத நிறமாகவும் ஊதா அமைந்துவிட்டது.

ஆனால் கண்டபடி பூசினால் சட்டம் ஏற்காது. கோடு நிலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்; நீளம் 8 அங்குலத்துக்கும் அகலம் 1 அங்குலத்துக்கும் குறையக் கூடாது; கோட்டின் கீழ் நுனி தரையிலிருந்து 3 அடிக்குக் குறையாமலும் 5 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும்; நிலத்தை நெருங்கி வரும் எவருக்கும் எளிதில் தெரியும் இடத்தில் அமைய வேண்டும். வெட்டுமரக் காடாக இருந்தால் இரண்டு கோடுகளுக்கு இடையே 100 அடிக்கு மேல் இடைவெளி கூடாது; மற்ற நிலங்களில் 1,000 அடி வரை இடைவெளி விடலாம். நாற்பது ஏக்கர் சதுர நிலம் என்றால் ஒரு பக்கம் 1,320 அடி, சுற்றளவு 5,280 அடி. அது பைன் காடாக இருந்தால் குறைந்தது 53 கோடுகள் தேவைப்படும். திறந்த மேய்ச்சல் நிலமாக இருந்தால் 6 கோடுகள் போதும். காடா, மேய்ச்சலா என்று ஐயம் வந்தால் நூறு அடிக் கணக்கையே பின்பற்றுவது நல்லது. செலவாவது இன்னொரு டப்பா பெயின்ட்தான்.

கிழக்கு டெக்சாஸில் நண்பர் ஒருவரின் நிலத்தில் இந்த வேலைக்கு உதவப் போயிருந்தேன். முதல் பத்து மரங்களுக்கு அவர் முன்கூட்டியே பெயின்ட் அடித்து வைத்திருந்தார். புதருக்குள் மண்டியிட்டு அடித்திருந்ததால் கோடுகள் எல்லாம் முழங்கால் உயரத்தில் இருந்தன. அளவுநாடாவை வைத்துப் பார்த்தபோது கீழ் நுனி தரையிலிருந்து 22 அங்குலம். சட்டம் கேட்பது 36. பத்தையும் மறுபடி அடித்தோம். பைன் மரத்தின் மேல்பட்டை செதில் செதிலாக உதிரும் இயல்புடையது; அதன்மேல் அப்படியே பூசினால் பட்டையோடு கோடும் விழுந்துவிடும். கம்பித் தூரிகையால் உதிரும் செதில்களை மட்டும் தேய்த்தெடுத்துவிட்டு, மரத்துக்குக் காயம் படாமல், எல்லை அடையாளத்துக்கென்றே விற்கப்படும் எண்ணெய்ப் பெயின்ட்டைப் பூச வேண்டும். அங்கே யாப்பான் புதர் வேகமாக மண்டும். ஒரே கோடையில் கோட்டை மறைத்துவிடுகிறது. எனவே அக்டோபரில் அரிவாளோடு ஒருமுறை எல்லையைச் சுற்றி வருவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

எல்லை எது என்பது உறுதியாகாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது. பழைய வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று நம்மூரில் வரப்பை நம்புவது போல நம்பிவிடுகிறோம். அங்கே வேலி பல இடங்களில் மாட்டுக்காகப் போடப்பட்டதே தவிர எல்லைக்காகப் போடப்பட்டதல்ல. உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து, மூலைகளில் இரும்புக் கம்பி ஊன்றி, வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே அடையாளமிட வேண்டும். அண்டை நிலத்து மரத்தில் நீங்கள் ஊதா அடித்தால் அத்துமீறியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

தண்டனையைப் பொறுத்தவரை, அத்துமீறல் பொதுவாக பி வகுப்புக் குற்றம்: 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். விவசாய நிலத்தில், எல்லையிலிருந்து 100 அடிக்குள் பிடிபட்டால் அது சி வகுப்பாகக் குறைந்து, 500 டாலர் வரையிலான அபராதத்தோடு நின்றுவிடும். காடு வளர்ப்பதற்கு ஏற்ற நிலமும் இங்கே விவசாய நிலம் என்றே கொள்ளப்படுகிறது. ஆனால் நுழைந்தவரிடம் உயிர்பறிக்கும் ஆயுதம் இருந்தால் குற்றம் ஏ வகுப்புக்கு உயர்கிறது. ஓராண்டு வரை சிறையும் 4,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். வேட்டைத் துப்பாக்கியோடு நுழைந்தவரின் நிலைமை இதனால்தான் நடைபயணமாக வந்தவரின் நிலைமையைவிடக் கடுமையானது.

இதற்கு அப்பால் வேட்டைக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. மாநிலத்தில் திரியும் காட்டு மான் நில உரிமையாளருடையதல்ல, மாநில மக்களுடையது. ஆயினும் உங்கள் நிலத்தில் அதை வேட்டையாட உங்கள் சம்மதம் வேண்டும் என்று பூங்கா மற்றும் வனவிலங்குச் சட்டத்தின் 61.022ஆம் பிரிவு விதிக்கிறது. இங்கே பலகையோ பெயின்ட்டோ தேவையில்லை. சம்மதம் இல்லை என்பதே போதுமானது. சம்மதமின்றி வெள்ளைவால் மானைக் கொன்றால் அது சிறு குற்றமாக நிற்பதில்லை. மாநிலச் சிறைக்குரிய பெருங்குற்றமாகிறது. தன் நிலத்தில் சுட்ட மான் காயத்தோடு வேலி தாண்டி உங்கள் பக்கம் ஓடி வந்தாலும், அதைத் தேடி உள்ளே வர அண்டை வேட்டைக்காரர் உங்கள் அனுமதியைக் கேட்டாக வேண்டும். என்னைக் கேட்டால், அப்படிக் கேட்டு வருபவருக்கு மறுக்காமல் கூடவே போய்த் தேட உதவுங்கள் என்பேன். காயம்பட்ட விலங்கு புதருக்குள் கிடந்து சாவது யாருக்கும் நல்லதல்ல, கேட்டு வந்த மனிதர் அடுத்த ஆண்டு உங்கள் நிலத்துக்குக் காவல் கண்ணாகவும் இருப்பார். எல்லைக் கோட்டைத் தாண்டிக் குண்டு பாயும்படி வேட்டையாடுபவர் தெரிந்தே சுடுவதும், இரு பக்க உரிமையாளர்களின் எழுத்து ஒப்புதல் இல்லாதவரை, தனிக் குற்றம்.

எவரை நிறுத்த முடியாது என்பதையும் அறிந்துவைத்திருக்க வேண்டும். தீயணைப்பு வீரர்களும் அவசர மருத்துவ ஊழியர்களும், மின்சாரம், எரிவாயு, குழாய்த்தடம் ஆகிய நிறுவனங்களின் ஊழியர்களும் கடமையின் பேரில் வந்தால் அத்துமீறியவர்கள் ஆகமாட்டார்கள். வனவிலங்குகள் நடமாடும் நிலத்துக்குள், வேட்டைச் சட்டங்களைக் கண்காணிக்கும் மாநில அதிகாரியான கேம் வார்டன் சட்டத்தை அமல்படுத்த நுழையலாம். டெக்சாஸில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியில் உள்ள எண்ணெய், எரிவாயு உரிமை இன்னொருவருக்கும் இருப்பது சாதாரணம். கனிம உரிமையாளர் தேவையான அளவுக்கு மேற்பரப்பைப் பயன்படுத்த உரிமை உள்ளவர். கிராமப்புற வாசல் கதவுகளில் ஒரே சங்கிலியில் நான்கைந்து பூட்டுகள் கோத்திருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைத் திறந்தாலே சங்கிலி விடுபடும்படியான ஏற்பாடு அது. மின்வாரியத்தின் பூட்டைத் தவறிப்போய் வெளியே விட்டுவிட்டுச் சங்கிலியைக் கோத்துவிடாதீர்கள். நிலத்தின் வழியே ஓடும் ஆற்றின் படுகை சராசரியாக 30 அடி அகலமோ அதற்கு மேலோ இருந்தால் அது பொதுமக்கள் பயன்படுத்தக்கூடிய நீர்வழி என்று கருதப்படும். அந்தப் படுகைக்குள் படகில் போகிறவரையோ மீன் பிடிக்கிறவரையோ அத்துமீறியவர் என்று சொல்ல முடியாது.

கோபத்தில் செய்யக் கூடாதவற்றைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். அத்துமீறி நுழைந்தார் என்ற ஒரே காரணத்துக்காக உயிருக்கு ஆபத்தான பலத்தைப் பயன்படுத்த டெக்சாஸ் சட்டம்கூட இடம் தரவில்லை. சாவோ படுகாயமோ விளைவிக்கக்கூடிய பொறியை வைப்பதற்கும் அனுமதி இல்லை. பாதையின் குறுக்கே கழுத்து உயரத்தில் கம்பி கட்டுவது, ஆணி அடித்த பலகையைப் புதைப்பது போன்றவை நுழைந்தவரை விட்டுவிட்டு உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். அயலாரின் குழந்தை அந்தப் பாதையில் வரமாட்டாள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அனுமதி கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் யாருக்கு, எந்த வாகன எண்ணில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, நிலத்தின் எந்தப் பகுதியில், எந்த விலங்குக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அது இல்லாதவர் யார் என்பது உடனே தெளிவாகிவிடும். நம்பகமான ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவது ஆளில்லாத நிலத்துக்குக் காவல் வைப்பதற்கும் சமம். குத்தகைக்கு விடும்போது காப்பீட்டையும் கவனிக்க வேண்டும். விவசாய நிலத்தின் உரிமையாளர், காயம்படும் ஒருவருக்கு 5,00,000 டாலர், ஒரு விபத்துக்கு 10,00,000 டாலர், பொருட்சேதத்துக்கு 1,00,000 டாலர் என்ற அளவில் காப்பீடு வைத்திருந்தால், பொழுதுபோக்குக்காக வந்தவருக்கு நேரும் விபத்தில் அவருடைய பொறுப்பு அந்தத் தொகையோடு வரையறுக்கப்படுகிறது.

யாரேனும் நுழைந்திருப்பதைக் கண்டால், துப்பாக்கியோடு இருப்பவரை நெருங்கிப் போகாதீர்கள். வாகன எண்ணையும், நிறுத்தியிருக்கும் இடத்தையும், பக்கத்தில் உள்ள ஊதாக் கோட்டோடு சேர்த்துப் படமெடுங்கள். மரத்தில் கட்டிவைத்த தானியங்கிக் கேமரா பதிவு இருந்தால் அதை அழிக்காமல் எடுத்துவையுங்கள். அத்துமீறல் மட்டும் என்றால் அந்தக் கவுண்டியின் ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும். வேட்டை நடந்திருந்தால், அல்லது குடல் எடுத்துப் போட்ட இடமோ ரத்தத் தடமோ தெரிந்தால், கேம் வார்டனையும் சேர்த்து அழைக்க வேண்டும். 1981 முதல் நடந்துவரும் "ஆபரேஷன் கேம் தீஃப்" என்ற திட்டத்தின் இலவச எண் 1-800-792-4263. பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம், தகவலின் பேரில் தண்டனை கிடைத்தால் 1,000 டாலர் வரை வெகுமதியும் உண்டு. அந்த எண்ணையும் ஷெரிஃப் அலுவலக எண்ணையும் நிலத்தின் சர்வே வரைபடத்தின் நகலோடு சேர்த்து, காரின் முன்பெட்டியில் நவம்பருக்கு முன்பே வைத்துவிடுங்கள். நிலத்தின் உட்பகுதியில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் பல உண்டு, சாலைக்கு வந்து அழைக்கும்போது எண்ணைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.