பிரஷர் நார்மலா? அப்படியானால் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

"மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டால், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வரை ஒரே பதில்தான்: "பிரஷர் நார்மல் ஆயிட்டுல்லா டாக்டர்!"

போன வாரம் இதைச் சொன்னது நோயாளியின் மனைவி. நோயாளியால் பேச முடியவில்லை. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, இரவோடு இரவாகக் கொல்லம் போய்வரும் டிரைவர்; வயது 49. மல்லாந்து படுக்க முடியாமல், கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சட்டை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தார். பிரஷர் 220/130. நுரையீரலில் நீர். எக்கோவில் (இதய ஸ்கேன்) பார்த்தால் இதயச் சுவர் தடித்திருந்தது. அது ஒரே ராத்திரியில் தடிப்பதில்லை, வருஷக்கணக்கில் ஆகும். "அவிய நல்லாத்தான் இருந்தாவ. மேல் பிரஷர் 130தான்னு சொன்னதும் மாத்திரைய நிறுத்திட்டாவ" என்று அந்த அம்மா அழுதார். டிரைவர் பிழைத்துக்கொண்டார். எல்லோரும் பிழைப்பதில்லை.

தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். மாத்திரை சாப்பிடும்போது மேல் பிரஷர் 130 காட்டினால், அது மாத்திரை செய்கிற வேலை. நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை. கோட்டைவாசலிலிருந்து எஸ் வளைவில் லோடோடு இறங்கும் வண்டி நிதானமாகப் போவது செகண்ட் கியரில் இருப்பதால்தான். வேகம்தான் குறைந்துவிட்டதே என்று அந்த இறக்கத்தில் யாராவது நியூட்ரலில் போடுவார்களா? மாத்திரையை நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ பிரஷர் பழைய அளவுக்கு ஏறிவிடும். ஏறுவது தெரியவே தெரியாது. "தலை சுத்தலை, அதனால பிரஷர் இல்லை" என்பது கணக்கே கிடையாது. எடையும் உப்பும் குறைந்தால் சிலருக்கு மருந்தைக் குறைக்கலாம்தான்; ஆனால் அளந்து பார்த்து அதைச் செய்ய வேண்டியவர் டாக்டர்.

இதே கொல்லம் ரோட்டில் இருக்கும் கொட்டாரக்கரையில் பிறந்தவர் டாக்டர் சலீம் யூசுஃப். பெங்களூரில் மருத்துவம் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு போய், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உலகின் மிகப் பெரிய இதய ஆய்வுகள் சிலவற்றை நடத்தியவர். 52 நாடுகளில் நடந்த அவருடைய இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. மாரடைப்பு அபாயத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் பிரஷர், புகை, சர்க்கரை, கொழுப்பு, தொப்பை என ஒன்பது காரணங்களே போதும் என்று அது காட்டியது. எல்லாம் நம்மால் மாற்றக்கூடியவை. விதி என்று சொல்கிறவர்கள் கவனிக்கவும். நம் தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலேயே வருகிறது, மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு வருஷம் முன்பே.

அவர் தலைமையிலான ப்யூர் ஆய்வில், 17 நாடுகளில் 1,42,042 பேரின் பிரஷரை அலசி 2013இல் வெளியிட்டார்கள். பிரஷர் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. மருந்து எடுத்தவர்களிலும் மூன்றில் ஒருவருக்குத்தான் கட்டுக்குள் இருந்தது. 2019இல் வந்த ஹோப்-4 ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொலம்பியாவிலும் மலேசியாவிலும் டாக்டரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் ஊருக்குள் போய், இலவச மாத்திரை கொடுத்து, வீட்டில் ஒருவரை நினைவூட்டப் பொறுப்பாக்கினார்கள். ஒரு வருஷத்தில் 69 சதவீதம் பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சை நடந்த ஊர்களில் 30 சதவீதம்தான். நம்மூரில் 2021லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறார். அவரைப் பார்த்ததும் "எனக்கு வேண்டாம்" என்று கதவைச் சாத்தாதீர்கள்.

30 வயதானால் வருஷம் ஒரு தடவையாவது பிரஷர் பாருங்கள். டீ குடித்த கையோடு, படியேறி வந்த மூச்சோடு பார்க்காதீர்கள். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளத்தைக் குறையுங்கள். ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள் பையில் ஒரு அட்டை மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், கட்டுக்கடங்காத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கும். மாத்திரையால் கால் வீங்கினால், வறட்டு இருமல் வந்தால் எங்களிடம் சொல்லுங்கள், வேறு மாத்திரை தருகிறோம்.

புனலூரிலும் தென்காசியிலும் மாறி மாறிக் காட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே மருந்துக்கு இரண்டு கம்பெனிப் பெயர் இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கித் தலைசுற்றி விழுந்தவர்களும் உண்டு, குழம்பிப்போய் இரண்டையும் விட்டவர்களும் உண்டு. சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, காலி அட்டைகளையாவது மொத்தமாக ஒரு கவரில் போட்டுக்கொண்டு வாருங்கள்.