சேம்பர் மூடி ஏன் இறுகிக்கொள்கிறது?

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் வாசல் சேம்பரை, அதாவது வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் தொட்டியை, திறந்து தூர் எடுத்துவிட வேண்டும். சென்னையில் சொந்த வீடு வைத்திருக்கும் யாருக்கும் இது தெரியும். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில். கார் நிறுத்தும் இடத்தில் பேவர் பிளாக் பதித்து நான்கு வருடம் ஆகிறது. அதன் நடுவே ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியில் ஒரு வார்ப்பிரும்பு மூடி. இந்தப் புரட்டாசியில் அதைத் திறக்கப் போனால், இரண்டு பேர் கடப்பாரை போட்டும் அசையவில்லை.

மூடியின் எடை முப்பது கிலோவுக்குள்தான். சிமென்ட் மூட்டையைத் தூக்குகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அப்படியானால் மிச்சப் பிடி எங்கிருந்து வருகிறது? மூடிக்கும் அதைச் சுற்றியுள்ள சட்டத்துக்கும் நடுவே இருக்கிற, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்திலிருந்து. அந்தச் சந்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் திறக்கும் வழியும் தெரிந்துவிடும்.

முதல் காரணம் துரு. இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு வரும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அது இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதைத்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். துருப்பிடித்த இரும்பு, தான் முன்பு இருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். பழைய மாடி வீடுகளில் சன்ஷேடின் அடியில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறதே, அதுவும் இதே விசைதான். உள்ளே கம்பி துருப்பிடித்து, பருத்து, கான்கிரீட்டையே பிளந்துவிடுகிறது. சேம்பரில் மூடியும் சட்டமும் இரண்டுமே இரும்பு. இரண்டு பக்கமிருந்தும் துரு வளர்ந்து நடுவில் சந்தித்துக்கொள்கிறது.

கடலோரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்துவைத்தால் உப்பு நீர் விட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதி ஈரம்கூடத் தேவையில்லை. ஆகவே, கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு, மழையே பெய்யாத நாளிலும் அந்தச் சந்தை ஈரமாக வைத்திருக்கிறது. போதாததற்கு அந்த உப்பின் குளோரைடு அயனிகள், இரும்பின் மேல் படியும் எந்தப் பாதுகாப்புப் படலத்தையும் நிலைக்கவிடாமல் குலைத்துவிடும்.

இரண்டாவது காரணம் மணல். பேவர் பிளாக்குகளின் இடுக்கில் போடுகிற எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்த மணல்) கூர்முனைகள் உள்ளது, ஆற்று மணலைப்போல் உருண்டையானது இல்லை. கார் மூடியின் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் மூடி லேசாக ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு துகள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. இறங்கிய துகள் ஏறி வருவதில்லை. மூடியை நேராக மேலே இழுத்தால் அந்தத் துகள்கள் புரண்டு, இரண்டு சுவருக்கும் நடுவே ஆப்பு வைத்ததுபோல் இன்னும் இறுகும். பலத்தைக் கூட்டக் கூட்டப் பிடியும் கூடுவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது, சிமென்ட். எங்கள் வீட்டில் பேவர் பதித்தவர்கள் மூடியின் விளிம்போடு சேர்த்து சிமென்ட் பால் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. புதிதாகப் பதிக்கிறவர்கள் இதை மட்டுமாவது அருகில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இது மேலே நடப்பது. கீழே வேறொரு வேலை நடக்கிறது. தேங்கிய கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு எழுகிறது. மூடியின் அடியில் படிந்த ஈரத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. சாக்கடைக் குழாய்களின் கூரைப்பகுதி மட்டும் அரிக்கப்படுவதற்குக் காரணம் இந்த நுண்ணுயிர்கள்தான் என்பது 1945-இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டது. மேலே உப்பு, கீழே அமிலம். நடுவில் நம் மூடி.

இப்போது ஒரு கணக்கு. மூடியின் நான்கு பக்கமும் சேர்த்து 180 செ.மீ. விளிம்பின் ஆழம் இரண்டரை செ.மீ. என்று வைத்தால், ஒட்டியிருக்கும் பரப்பு 450 சதுர செ.மீ. துரு ஒரு சதுர செ.மீ.க்கு ஒரே ஒரு கிலோ பிடித்தாலும் மொத்தம் 450 கிலோ. முப்பது கிலோ மூடி இப்படித்தான் அரை டன் ஆகிறது.

ஆனால் இந்த 450 கிலோவை ஒரே நேரத்தில் வெல்லவேண்டிய அவசியமே இல்லை. கல்லில் ஒட்டிய தோசையை யாராவது நடுவில் பிடித்துத் தூக்குவார்களா? தோசைத்திருப்பியை ஓர் ஓரத்தில் செருகுகிறோம். ஓரம் விட்டுக்கொடுத்ததும், ஒட்டியதற்கும் ஒட்டாததற்கும் நடுவில் உள்ள எல்லைக்கோட்டில் மட்டும்தான் விசை வேலை செய்கிறது. அந்தக் கோடு நகர நகர மற்றது தானாக வருகிறது. துரு, அழுத்தினால் நன்றாகத் தாங்கும், பிளந்தால் தாங்காது. ஓர் இடத்தில் விரிசல் விழுந்தால் அது ஓடும். மூடி திறப்பது என்பது அந்த முதல் விரிசலை உண்டாக்குவதுதான்.

எங்களுக்கு வந்த மேஸ்திரி இதைச் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கடப்பாரையை அவர் தொடவே இல்லை. தேய்ந்த ஆக்சா பிளேடு ஒன்றை எடுத்து, சந்தில் விட்டு நான்கு பக்கமும் கீறிக்கீறி மண்ணை வெளியே எடுத்தார். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு விளிம்பின்மேல் ஒரு ரீப்பர் கட்டையை வைத்து, அதன்மேல் சுத்தியால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். மூன்று மூலைகளில் ‘டொக், டொக்’ என்று மந்தமான சத்தம். நான்காவது மூலையில் மட்டும் லேசாக ஒரு ‘டங்’.

“இங்க விட்டுக்குடுக்குது சார். சத்தத்தக் கேட்டீங்களா?” என்று அந்த மூலையில் சாக்பீஸால் கோடு போட்டார்.

இறுகிய மூடியைத் தட்டினால் அதிர்வு சட்டத்துக்கும் தரைக்கும் போய் அடங்கிவிடும். அதனால்தான் மந்தமான சத்தம். பிடி தளர்ந்த இடத்தில் அதிர்வு இரும்புக்குள்ளேயே சுழன்று ஒலிக்கிறது. பானையைத் தட்டி வாங்குகிற அதே அறிவுதான் இது. தட்டுவதற்கு இன்னொரு பயனும் உண்டு: அந்த அதிர்வே துருவில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கும்.

நடுவில் மட்டும் அடிக்கவே கூடாது. வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் மெல்லிய செதில்களாகப் பரவியிருக்கிறது. அழுத்தத்துக்கு வார்ப்பிரும்பு அசைந்துகொடுக்காது. இழுவிசையிலோ அதில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்குதான் தாங்கும். நடுவில் அடி விழும்போது மூடியின் அடிப்பக்கம் இழுபடுகிறது. செதில்களின் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பி, மூடி இரண்டாகப் போய்விடும்.

மாலையில் சந்து நெடுக மண்ணெண்ணெயும் கொஞ்சம் இன்ஜின் ஆயிலும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டுப் போனார். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிற அதே நுண்புழை விசைதான் துருவின் துளைகளுக்குள்ளும் எண்ணெயை இழுக்கிறது. இன்ஜின் ஆயில் தனியாகப் போனால் பிசுபிசுப்பால் மெதுவாகத்தான் நகரும். மண்ணெண்ணெய் அதை இளக்கி உள்ளே அழைத்துப்போகும். எப்படியும் ஓர் இரவு ஆகும், அவசரப்பட்டுப் பயனில்லை. ஆனால் ஒன்று. உங்கள் வாசலில் இருப்பது மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மூடி என்றால் மண்ணெண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம். 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கிய தொட்டி அது. அதில் விழுவது நேரே நிலத்தடி நீருக்குப் போகும், நாம் குடிக்கிற கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் வரும். அங்கே தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுத்திருப்பதே மேல்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே வந்தார். அதற்கும் காரணம் இருக்கிறது. வெயிலில் காய்ந்த மூடி, நிழல் நேரத்தைவிட 25 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்றால், 45 செ.மீ. வார்ப்பிரும்பு 0.12 மி.மீ. நீளும். ஒரு தாளின் கனம்தான், ஆனால் சந்து ஏற்கெனவே அடைத்திருக்கும்போது ஒரு தாளுக்குக்கூட இடமில்லை. ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களை, உள்ளே குளிர்ந்த நீரும் வெளியே வெந்நீருமாக வைத்துப் பிரிப்போமே, அதேபோல மூடியின்மேல் ஐஸ் கட்டி பரப்பி, சட்டத்தைச் சுற்றி வெந்நீர் ஊற்றலாம். நெருப்பு மட்டும் காட்டக் கூடாது. சேம்பருக்குள் மீத்தேன் இருக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் அது வெடிக்கும்.

சாக்பீஸ் மூலைக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் கட்டை வைத்து, ஐந்தடிக் கடப்பாரையின் நுனியைத் தூக்கும் துளையில் செருகினார். நுனியிலிருந்து 10 செ.மீ.யில் கட்டை, கைப்பக்கம் 140 செ.மீ. ஆகப் பதினான்கு மடங்கு. அவர் 20 கிலோ அழுத்தினால் நுனியில் 280 கிலோ, அதுவும் ஒரே மூலையில். நெற்று உடைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. மூலை ஒரு விரல்கடை எழும்பியது. அதில் ஒரு ஆப்பைச் செருகி, அடுத்த மூலைக்குப் போனார்.

ஆசிட் ஊற்றச் சொல்கிறவர்கள் நிறைய உண்டு. தயவுசெய்து வேண்டாம். துருவைக் கரைக்கும் அமிலம் கீழே கழிவில் இருக்கும் சல்பைடிலும் விழும், உடனே ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வரும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைத்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. மூடி திறந்ததும் விலகி நின்று நன்றாகக் காற்றோட விடுங்கள். குனிந்து எட்டிப்பார்க்க வேண்டாம். உள்ளே யாரையும் இறக்காதீர்கள். கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. தெருவில் இருக்கிற மேன்ஹோல் என்றால் மெட்ரோ வாட்டருக்குத்தான் (சென்னைக் குடிநீர் வாரியம்) சொல்ல வேண்டும், நாம் கை வைக்கக் கூடாது.

எங்கள் மூடியைப் புரட்டிப்போட்டுப் பார்த்தபோது விளிம்பில் துரு அடுக்கடுக்காக, பழைய சுவரின் சுண்ணாம்புபோல் உரிந்து வந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தார் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் மூடி உட்காரும் சட்டத்தில் விரலால் கிரீஸ் தடவினோம். சந்துக்குள் இனி நீரும் உப்பும் போகாதபடி அந்தக் கிரீஸ் நிற்கும். தூக்கும் துளைகளில் மண் சேராமல் பழைய துணியை எண்ணெயில் தோய்த்து அடைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலை வெயில் ஏறுமுன், ஒரு மூலையை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டு இறக்குகிறேன். இப்போது நான்கு மூலையிலும் ‘டங்’ என்றுதான் கேட்கிறது.