மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தப் பழைய பைக் லோனைப் பாருங்கள்

சத்துவாச்சாரியில் மனை பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, "சார், என் சிபில் தேறுமா?" என்று வருபவர்கள்தான் அதிகம். பேச்சில் சிபில் என்பது, வாங்கிய கடன்களை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் மதிப்பெண். வீட்டுக் கடன் கேட்டால் வங்கி அதைப் பார்க்கும். அதனால் முதலில் கடன் அறிக்கை, அப்புறம்தான் மனை.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்த அறிக்கையைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்களுமே ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. ஒரே வாரத்தில் நாலு வங்கியில் விண்ணப்பம் போட்டால் குறையும்.

மதிப்பெண் 300 முதல் 900 வரை. 750 தாண்டினால் வங்கியில் முகம் கொடுத்துப் பேசுவார்கள். நான் முதலில் பார்ப்பது, ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாக இருக்கும் கட்டங்களை. 000 என்றால் பாக்கி இல்லை. 030, 060, 090 என்று ஏறினால், அத்தனை நாள் தவணை நின்றிருக்கிறது.

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை ஊழியர் ஒருவரின் அறிக்கையில் பழைய பைக் லோன் 'செட்டில்டு' என்று இருந்தது. "பேசி முடிச்சு பணம் கட்டியாச்சே சார்" என்றார். கட்டினார்தான், ஆனால் கொஞ்சம் தள்ளுபடி வாங்கிக்கொண்டு. வங்கியின் கணக்கில் அவர் முழுசாகக் கட்டாதவர். தள்ளுபடியான மீதியையும் கட்டி, பாக்கி இல்லை என்ற 'நோ டியூ' சான்றிதழ் வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லி எழுத்தில் கேட்கச் சொன்னேன். கட்டிய கடனையே பாக்கி என்று காட்டும் தவறும் உண்டு. அதற்குப் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். ரிசர்வ் வங்கி விதி.

மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் ஏறும். மனைவியை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் அவர் வாங்கிய மைக்ரோ ஃபைனான்ஸ் கடனையும் பார்ப்பார்கள்.

ஓடுகிற கடனுக்கு வருவோம். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் ஏறக்குறைய பாதிக்குள் இருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான வங்கிகளின் கணக்கு. கைக்கு 40,000 வருகிறது, அதில் பாதி 20,000. காருக்கு 9,000, பெர்சனல் லோனுக்கு 5,000 போகிறது என்றால் அந்தப் பாதியில் வீட்டுக் கடன் தவணைக்கு மிஞ்சுவது 6,000. 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் அதற்கு ஏழு லட்சம்கூடக் கிடைக்காது. பெர்சனல் லோனை அடைத்துவிட்டால் அதே சம்பளத்துக்குப் பன்னிரண்டு லட்சம் வரும். லாக்கரில் சும்மா கிடக்கும் நகையை விற்று அடைத்தாலும் தப்பில்லை என்பேன். வீட்டில் கோபிப்பார்கள், அது வேறு.

'ஒரே வாரத்தில் சிபில் ஏற்றித் தருகிறோம்' என்பவர்களிடம் மட்டும் பான் எண்ணையும் ஓடிபியையும் கொடுத்துவிடாதீர்கள். உண்மையான பாக்கியை அவர்களால் அழிக்க முடியாது.