காலால் திறந்து மூடும் வாய்

“ஐசக் ஹேஸின் ‘ஷாஃப்ட்’ பாடலின் தொடக்கத்தில் சுரண்டுவது போல ‘வக்கா வக்கா’ என்று ஓர் ஒலி வருகிறதே, அது என்ன வாத்தியம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பொறியியல் படிக்கிறாராம். ‘ஷாஃப்ட்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்துக்காக 1971இல் வந்த பாடலை இன்று தேடிப் பிடித்துக் கேட்டு, அதன் வரிகளை விட்டுவிட்டு ஒலியைப் பற்றிக் கேள்வி கேட்கிறவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அது வெறும் எலக்ட்ரிக் கிதார். வாசித்தவர் சார்ல்ஸ் ‘ஸ்கிப்’ பிட்ஸ். மாயமெல்லாம் அவர் காலடியில் இருந்தது. கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே, தையல் இயந்திரத்தின் மிதியைப் போல முன்னும் பின்னும் சாயும் ஒரு சிறு பெட்டி. அதன் பெயர் வா-வா பெடல். 1968க்குப் பிறகு டெட்ராய்ட்டிலும் மெம்பிஸிலும் கறுப்பினக் கலைஞர்கள் பதிவுசெய்த சோல், சைக்கடெலிக் ஃபங்க் இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டால், பாடகரைத் தவிர இன்னொருவரும் எங்கோ பேசிக்கொண்டே இருப்பது போலத் தோன்றும். அந்த இன்னொருவர் இந்தப் பெடல்தான். அது உண்மையிலேயே பேசுகிறது. பேச்சு உருவாகும் அதே இயற்பியல் விதிதான் அதற்குள்ளும் வேலை செய்கிறது.

பள்ளியில் படித்ததைச் சட்டென்று நினைவுபடுத்திக்கொள்வோம். கிதாரின் ஒரு தந்தி 110 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் அதனுடன் 220, 330, 440 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும். நம் குரல்நாண்களும் அப்படித்தான். தொண்டையில் பிறக்கும் ஒலி, மேற்சுரங்கள் நிறைந்த ஒரு ரீங்காரம் மட்டுமே. அதில் அகரமும் இல்லை, இகரமும் இல்லை. உயிரெழுத்தை உண்டாக்குவது வாய்க்குழிவு. நாக்கும் உதடும் அந்தக் குழிவின் வடிவத்தை மாற்ற மாற்ற, சில அதிர்வெண்கள் ஒத்ததிர்வால் ஓங்கும், மற்றவை அமுங்கும். ஓங்கும் இடங்களை ஒலியியலில் ஃபார்மன்ட் என்பார்கள். ஆண் குரலில் ‘ஊ’ என்னும்போது இரண்டாவது ஃபார்மன்ட் ஏறத்தாழ 870 ஹெர்ட்ஸில் இருக்கும். ‘ஆ’ என்னும்போது 1,100 அளவுக்கு வரும். ‘ஈ’ என்னும்போது 2,300க்கே ஏறிவிடும்.

இதை இப்போதே சோதிக்கலாம். குரல் எழுப்பாமல், ரகசியம் பேசுவது போல வெறும் மூச்சுக்காற்றில் ‘ஊ’ என்று தொடங்கி நிறுத்தாமல் ‘ஈ’ வரை போங்கள். குரல்நாண்கள் சும்மா இருக்கின்றன, சுருதி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் ஏதோ ஒன்று கீழிருந்து மேலே ஏறுவது காதில் விழுகிறது. அந்த ஏற்றம் ஃபார்மன்ட்டின் நகர்வு. குழாயடியில் குடம் நிறையும்போது உள்ளே இருக்கும் காற்றின் இடம் குறையக் குறைய ஒலி ஏறுவதும் இதே கதை. ஐசக் நியூட்டன் இளம் வயதுக் குறிப்பேடு ஒன்றில், ஆழமான குடுவையில் பீரையோ தண்ணீரையோ ஊற்றினால் உயிரொலிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கின்றன என்று வரிசை போட்டே எழுதிவைத்திருக்கிறார். நம் கச்சேரி மேடையில் மோர்சிங் வாசிப்பவர் செய்வதும் வேறல்ல. இரும்பு நாக்கு ஒரே சுருதியில்தான் அதிர்கிறது. ‘தகதிமி’யின் நிற வேறுபாட்டில் பெரும்பங்கு அவருடைய வாய்க்குழிவின் கைங்கரியம்.

ஆக, மேற்சுரங்கள் நிறைந்த ஒலி ஒன்று வேண்டும், நகரக்கூடிய ஓர் ஒத்ததிர்வு வேண்டும். கிதாரிடம் முதலாவது இருக்கிறது. இரண்டாவதை அதற்குத் தந்தவர் பிராட் பிளங்கெட்.

1966. கலிபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிளங்கெட் இளம் பொறியாளர். வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரில் நடுத்தர அதிர்வெண்களை உயர்த்திக்காட்டும் ஒரு சுவிட்ச் இருந்தது. அது விலை கூடிய பாகம். அதை எடுத்துவிட்டுச் சாதாரண வால்யூம் குமிழ் போன்ற ஒன்றை வைக்க முடியுமா என்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. முழுக்க முழுக்கச் செலவுக் குறைப்பு. வைத்துப் பார்த்தார். யாரோ கிதார் வாசிக்க, இவர் குமிழைத் திருக, ஒலி வாய் திறந்து மூடியது. குமிழைத் திருகிக்கொண்டே கிதார் வாசிக்கக் கைகள் போதாது என்பதால், ஆர்கன் வாத்தியத்தின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் அந்தச் சுற்றைப் பொருத்தினார்கள். 1967இல் கிளைடு மெக்காய் என்ற டிரம்பெட் கலைஞரின் பெயரோடு அது விற்பனைக்கு வந்தது. டிரம்பெட்டின் வாயைக் கையாலும் மூடியாலும் மறைத்துத் திறந்து ஜாஸ் கலைஞர்கள் பல பத்தாண்டுகளாக எழுப்பிவந்த ஒலி அது. பெடல் எழுப்பியதும் அதைப் போன்ற ஒலிதான்.

இனி நான் மிகவும் ரசிக்கும் பகுதி. பெடலின் அடித்தகட்டைக் கழற்றினால் ஏமாற்றமாக இருக்கும். 9 வோல்ட் பேட்டரி, இரண்டு டிரான்சிஸ்டர்கள், சில மின்தடைகள், மின்தேக்கிகள், சிறு பொத்தான் அளவில் ஒரு மின்தூண்டி. மிதியோடு ஒரு பற்சட்டம் இறங்கி ஏறும். அதன் பற்கள் ஒரு சிறு பற்சக்கரத்தைத் திருப்பும், சக்கரம் மாறுமின்தடையைத் திருப்பும். அவ்வளவுதான். மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்தால் ஓர் ஒத்ததிர்வுச் சுற்று என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். பெடலில் மின்தூண்டி 0.5 ஹென்றி, மின்தேக்கி 0.01 மைக்ரோஃபாரட். சூத்திரத்தில் போட்டால் கிட்டத்தட்ட 2,250 ஹெர்ட்ஸ் வருகிறது. பெடலின் முன்பக்கத்தை முழுவதும் அழுத்தினால் ஏறத்தாழ அங்கேதான் ஒலியின் முகடு, அதாவது அது மிக ஓங்கும் இடம், நிற்கும். நம் ‘ஈ’க்குப் பக்கத்தில்.

சரி, குதிகாலால் அழுத்தும்போது முகடு 450 ஹெர்ட்ஸுக்கு அருகே இறங்குகிறதே, அது எப்படி? அதிர்வெண் ஐந்தில் ஒரு பங்காக வேண்டுமென்றால் மின்தேக்கியின் மதிப்பு 25 மடங்காக வேண்டும். பழைய ரேடியோக்களில் நிலையம் மாற்ற, உலோகத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மாறும் மின்தேக்கி இருக்கும். இந்த அளவுக்கு அப்படி ஒன்றைச் செய்ய முயன்றால் அதைக் காலால் அழுத்த முடியாது, கையால் தூக்கவும் முடியாது. மின்தேக்கியைத் தொடாமலேயே அதை 25 மடங்காக்கியதுதான் இந்தச் சுற்றின் சாமர்த்தியம்.

மின்தேக்கி எவ்வளவு மின்னூட்டத்தை வாங்கிக்கொள்ளும் என்பது அதன் இரு முனைகளுக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டைப் பொறுத்தது. வழக்கமாக ஒரு முனையைத் தரையோடு இணைத்துவிடுவோம். இந்தப் பெடலில் அந்த முனை தரையில் இல்லை. பெடலுக்குள்ளேயே இருக்கும் டிரான்சிஸ்டர் பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பங்கு, தலைகீழாக, அங்கே வந்து சேர்கிறது. இந்த முனை 1 மில்லிவோல்ட் ஏறும்போது அந்த முனை 24 மில்லிவோல்ட் இறங்குகிறது என்று வையுங்கள். மின்தேக்கிக்கு நடுவே வேறுபாடு 25 மில்லிவோல்ட். 25 மடங்கு மின்னூட்டத்தை அது விழுங்கும். இந்தப் பக்கம் நிற்கும் மின்தூண்டிக்கு அந்த முனையில் நடப்பது தெரியாது. எதிரே ஏதோ 25 மடங்கு பெரிய மின்தேக்கி உட்கார்ந்திருப்பதாகவே அது நம்பி, அதற்கேற்ற அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. பெருக்கியின் வெளியீட்டில் எவ்வளவு பங்கு திரும்பி வரவேண்டும் என்பதைக் கால் தீர்மானிக்கிறது. பங்கு பூஜ்யம் என்றால் மின்தேக்கி தன் சொந்த உருவத்துக்குத் திரும்பிவிடும். சில்லறைக் காசு விலையுள்ள ஒரு பாகத்தை இப்படி ஊதிப் பெருக்கவும் சுருக்கவும் முடிகிறது என்பதை முதன்முதலாகப் படித்த அன்று நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

நம் வாயில் ஃபார்மன்ட்கள் பல. பெடலில் முகடு ஒன்றே ஒன்று. ஆனாலும் பிறந்த நாளிலிருந்து குரல்களையே கேட்டு வளர்ந்த மூளை மீதியைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

இப்போது ‘ஷாஃப்ட்’டுக்கு வருவோம். முதலில் ஹை-ஹாட் தாளத்தட்டு மட்டும். அதன் மேல் பிட்ஸ் இடக்கையால் தந்திகளை அதிரவிடாமல் லேசாகத் தொட்டுப் பிடித்துக்கொண்டு வலக்கையால் சுரண்டுகிறார். அப்படித் தடுத்த தந்திகளிலிருந்து சுரம் பிறக்காது. எல்லா அதிர்வெண்களும் கலந்த ‘சக்’ என்ற இரைச்சல்தான் பிறக்கும். அதன்மீது பெடலின் முகடு ஏறி இறங்குகிறது. சற்றுமுன் நீங்கள் மூச்சுக்காற்றில் ‘ஊ’விலிருந்து ‘ஈ’க்குப் போனீர்களே, அதுவேதான். கிதார் கிசுகிசுக்கிறது. ஹேஸ் வாய் திறக்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை காதோடு யாரோ ரகசியம் சொல்லிக்கொண்டிருப்பது போன்ற உணர்வு வெறும் கற்பனை இல்லை. அடுத்த ஆண்டு அந்தப் பாடல் ஆஸ்கர் விருது பெற்றது.

டெட்ராய்ட்டின் இசைத்தட்டு நிறுவனமான மோடவுனில் இந்தப் பெடலை நுழைத்தது கிதார் கலைஞர் டெனிஸ் காஃபி. தயாரிப்பாளர் நார்மன் விட்ஃபீல்டின் மேற்பார்வையில் டெம்ப்டேஷன்ஸ் குழு 1968இல் பாடிய ‘கிளவுட் நைன்’ பாடலில் அவர் அதை வாசித்தார். அந்த நிறுவனத்துக்கு முதல் கிராமி விருதை வாங்கித் தந்த பாடல் அது. அதே கூட்டணியின் 1972 பாடல் ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’ இசைத்தட்டில் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் நீள்கிறது. முதல் நான்கு நிமிடத்தில் பாட்டே கிடையாது. அங்கே பெடலை மிதித்தவர் மெல்வின் ரேகின். ‘வா-வா வாட்சன்’ என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. இதை ஹெட்போனில் கேளுங்கள். பேஸ் கிதார் சில சுரங்களை மட்டும் சொல்லிவிட்டு நீண்ட இடைவெளி விடும். அந்த இடைவெளிகளில் ரேகின் யாரையோ விசாரிப்பது போல நுழைவார்.

தடுக்காமல் அதிரவிட்ட தந்தியில் இதே பெடல் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஃபங்கடெலிக் குழுவின் 1971 இசைத்தட்டான ‘மேகட் பிரெய்ன்’ தலைப்புப் பாடலில் எடி ஹேசல் பத்து நிமிடம் கிதாரை அழவிடுகிறார். தாய் இறந்த செய்தியைக் கேட்டவனைப் போல வாசி என்று குழுத் தலைவர் ஜார்ஜ் கிளின்டன் அவரிடம் சொன்னதாகக் கதை. கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும், இயற்பியல் ஒத்துழைத்திருக்கிறது. ஃபஸ் என்ற இன்னொரு கருவி அலையின் தலையை வெட்டித் தட்டையாக்குகிறது. வெட்டுப்பட்ட அலையில் மேற்சுரங்கள் பெருகும். வா-வா பெடலுக்கு அரைக்க நிறையத் தானியம் கிடைக்கிறது. கிசுகிசுப்பு போய், தொண்டை திறந்த கதறல் வந்துவிடுகிறது.

இந்த இசையை நேசிப்பவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய பெடல்களில் இருந்த குறிப்பிட்ட மின்தூண்டியில்தான் ஆன்மா இருக்கிறது என்று அதற்குத் தனி விலை கொடுக்கிறார்கள். மின்தூண்டியின் இரும்புசார் உள்ளகம் காந்தத்தில் நிறைவுறும்போது ஒலி லேசாகத் திரிந்துபோகும் என்பது உண்மை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு எது பழையது, எது புதியது என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? எத்தனை ஆயிரம் ரூபாய் என்று சொல்லக் கூசும் ஸ்பீக்கர் கம்பிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் வாசலில் கட்டுபவர் அதைவிடக் குறைந்த செலவில் திருப்தி அடைகிறார்.

இதே விதியை வைத்து, அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான பெல்லின் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹோமர் டட்லி 1939 நியூயார்க் கண்காட்சியில் பேசும் இயந்திரம் ஒன்றைக் காட்டினார். ஒரு ரீங்காரம், ஓர் இரைச்சல், இவற்றை வடிகட்டச் சில விசைகள். பேச்சை ஆராய அந்தத் தொலைபேசி நிறுவனம் பணம் கொடுத்தது. நம் சர் சி.வி. ராமன் நிதித்துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே கொல்கத்தாவில் அலுவலகம் முடிந்தபின் ஆய்வகத்துக்குப் போனவர். வீணையையும் தபலாவையும் மிருதங்கத்தையும் அவர் ஆராய்ந்ததற்கு யாரும் திட்ட அறிக்கை கேட்கவில்லை. இன்று ஓர் இளைஞர் மோர்சிங்கின் ஃபார்மன்ட்டை ஆராய நிதி கேட்டால், “தொழில்துறைப் பயன்” என்ற கட்டத்தில் என்ன எழுதுவார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வா-வா ஒலிக்குக் காலே வேண்டாம் என்று ஆக்கியவர் பொறியாளர் மைக் பீகல். அவருடைய மியூ-ட்ரான் 3 என்ற பெட்டி, வாசிப்பவரின் விரல் வலிமையையே அளக்கும். ஓங்கி அடித்தால் பெட்டிக்குள் ஒரு சிறு எல்இடி பிரகாசமாக எரியும். அந்த ஒளி பட்டு ஒளிமின்தடையின் மதிப்பு மாற, வடிகட்டியின் முகடு மேலே போகும். ஒலி தேயத் தேய விளக்கும் மங்கி, முகடு கீழே வரும். ஸ்டீவி வொண்டர் 1973இல் ‘ஹையர் கிரவுண்ட்’ பாடலுக்காகத் கிளாவினெட் என்ற தன் விசைப்பலகை வாத்தியத்தை இதற்குள் செருகினார். ஒவ்வொரு சுரமும் தானே வாயைத் திறந்து தானே மூடிக்கொள்வதை முதல் சில விநாடிகளிலேயே கேட்கலாம். இரண்டு கையும் விசைப்பலகையில் இருக்கின்றன. பெடலை மிதிக்க யாருமில்லை.