கிரிம்பிங்: தோட்டாவின் வாய்க்கவ்வு

மதுரையில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் 'கிரிம்பிங் டூல்' என்று கேட்டால் எடுத்து நீட்டிவிடுவார்கள். கேபிள் முனையில் லக்கை மாட்டி அமுக்கும் கருவி அது. நெசவாலைக்காரருக்கு 'கிரிம்ப்' என்பது நெய்த துணியில் நூல் மேலும் கீழுமாக ஓடும் நெளிவு. பியூட்டி பார்லரில் கூந்தலை நெளிநெளியாக்குவதற்கும் அதே பெயர். அதனால் ரைஃபிள் தோட்டா பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறவர் அகராதியைப் புரட்டி 'நெளித்தல்' என்றோ 'மடித்தல்' என்றோ போட்டுவிடுகிறார். படிப்பவருக்கு எதை நெளிக்கிறார்கள், ஏன் நெளிக்கிறார்கள் என்பது விளங்குவதே இல்லை.

சொல்லின் வேர் பழைய டச்சு, கீழ் ஜெர்மன் மொழிகளில் இருக்கிறது. அங்கே அதற்குச் சுருங்குதல், ஒடுங்குதல் என்று பொருள். கெண்டைக்காலில் பிடிக்கும் 'கிராம்ப்' இதன் உறவுச் சொல். உலோகத்தை அமுக்கி இன்னொன்றைப் பிடிக்கவைக்கும் பொருள் பின்னால் வந்து சேர்ந்தது.

தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பொறி தரும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்ட கூட்டைத் திரும்ப எடுத்து இவற்றைக் கையால் நிரப்புவதை ஆங்கிலத்தில் 'ஹேண்ட்லோடிங்' என்பார்கள். கோயில் வேட்டுக் குழாயில் மருந்தைத் திணித்து இறுக்குவதற்கு நம்மிடம் 'கெட்டித்தல்' என்ற சொல் இருக்கிறது. தோட்டா கெட்டித்தல் என்றே சொல்லலாம். இது அமெரிக்கா போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்கள் செய்யும் வேலை. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். வேட்டையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது.

குண்டைப் பிடித்து நிறுத்துவது முதலில் கூட்டின் கழுத்து இறுக்கம்தான். கழுத்தின் உள்விட்டம் குண்டைவிட 0.05 முதல் 0.08 மி.மீ. வரை குறைவாக இருக்கும்படி ஒடுக்கி வைப்பார்கள். குழலின் பின்புறத்தை அடைக்கும் தண்டான போல்ட்டைக் கையால் இழுத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் போல்ட் ரைஃபிளுக்கு இதுவே போதும். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்கில் கதை வேறு. போல்ட் சுருள்வில்லின் வேகத்தில் வந்து, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினிலிருந்து ஒன்றைத் தள்ளும்போது குண்டின் மூக்கு, குழலுக்குள் ஏறும் வழியிலுள்ள ஏற்றுச்சரிவில் மோதுகிறது. பிடி தளர்வாக இருந்தால் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் மருந்து எரியும்போது அழுத்தம் ஏறும். தோட்டா, குழலின் பின்முனையில் தான் அமரும் அறைக்குள் போய்ச் சட்டென நிற்கும்போது இதற்கு நேர்மாறாகக் குண்டு முன்னால் நழுவுவதும் உண்டு. இந்த இரண்டையும் தடுக்கக் கூட்டின் வாயைக் குண்டின்மேல் அமுக்கி விடுவதுதான் கிரிம்ப்.

இதில் மூன்று வகை இருக்கிறது. 'ரோல்' என்பது வாயின் விளிம்பை உள்நோக்கி மடக்குவது. குண்டின் இடுப்பில் சுற்றுப்பள்ளம் இருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். 'டேப்பர்' என்பது வாயைச் சாய்வாக ஒடுக்குவது. மூன்றாவதில், பிளந்த விரல்கள் கொண்ட டை, அதாவது அச்சுக் கருவி, நாலு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். கூடுகளின் நீளம் சற்று முன்பின்னாக இருந்தாலும் பிடி அவ்வளவாக மாறாது என்பதால், செமி ஆட்டோமேட்டிக்குக்கு மூன்றாவதே நம்பகமானது.

ரோல் கிரிம்பில் தவறு நடப்பது பெரும்பாலும் நீளத்தால்தான். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் கூட்டுக்கு உச்ச நீளம் 51.18 மி.மீ.; வெட்டிச் சமன் செய்யும் அளவு 50.93. சமன் செய்யாமல் விட்டால், ஒரே டை நீளமான கூட்டை அளவுக்கு மீறி மடக்கும், குட்டையானதைத் தொடாமலே விடும். மீறி மடக்கியதில் விசை கீழே இறங்கி, கழுத்துக்குக் கீழே கூடு அகலும் தோள் புடைக்கும். அந்தத் தோட்டா அறைக்குள் முழுசாக இறங்காது. போல்ட் பாதியில் நிற்கும்.

குண்டை அழுத்தி இறக்குவதையும் வாயை அமுக்குவதையும் ஒரே இழுப்பில் செய்யாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. குண்டு இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும்போதே வாய் மூடினால் குண்டின் செம்பு உறை சுரண்டப்படும். முதலில் குண்டை உரிய ஆழத்தில் வைத்து முடிக்க வேண்டும். பிறகு தோட்டாவைப் பிரஸ் என்ற நெம்புகோல் அழுத்துகருவியில் மேலே ஏற்றி, டை வாயில் தட்டும் வரை திருகி, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்றாக இறக்கிப் பார்க்க வேண்டும். அதிகம் அமுக்கினால் அதிகம் பிடிக்கும் என்று நினைப்பது தப்பு. பித்தளை சற்றே மீண்டு விரியும். உள்ளே இருக்கும் ஈயம் மீளாது. விளைவு, குண்டு முன்பைவிடத் தளர்ந்துவிடும். கழுத்து இறுக்கம் இல்லாத கூட்டை எந்தக் கிரிம்பும் காப்பாற்றாது.

சோதிக்கும் வழி இது: தோட்டாவின் முழு நீளத்தை வெர்னியரில் அளந்து, சுடுமிடத்தில் குழல் முனை மண்மேட்டைப் பார்த்திருக்க, மேகசினிலிருந்து போல்ட்டை முழு வேகத்தில் விட்டு ஏற்றி, சுடாமல் வெளியே எடுத்து மறுபடி அளக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பிடி போதவில்லை.

இனி தமிழுக்கு வருவோம். 'நெளிவு' நூலுக்குப் பொருந்தும், தோட்டாவுக்குப் பொருந்தாது. 'நெரித்தல்' குரல்வளையை ஞாபகப்படுத்துகிறது. 'சுருக்கு' என்றால் இழுத்தால் அவிழும். இங்கே நடப்பது வாய் ஒன்றைக் கவ்விப் பிடிப்பது. ஆகவே வாய்க்கவ்வு. ரோலுக்கு மடிகவ்வு, டேப்பருக்கு ஒடுக்குகவ்வு, விரல் டைக்கு விரல்கவ்வு.

ஷாட்கன்னில் போடும் 12 போர் தோட்டாவின் வாயை ஆறு அல்லது எட்டு மடிப்பாக மூடுவதையும் ஆங்கிலத்தில் கிரிம்ப் என்பார்கள். அங்கே கவ்வுவதற்குக் குண்டு இல்லை, ரவை எனப்படும் சிறு ஈய மணிகள் சிந்தாமல் மூடுவதே வேலை. அதை 'மடிப்பு மூடி' என்றால் சரி. ராணுவக் கூடுகளில் கேப்பு கழன்று விழாமல் பள்ளத்தின் விளிம்பை நசுக்கி வைத்திருப்பதும் கிரிம்ப்தான். ஆனால் அது கூட்டின் அடியில் இருப்பது. புதுக் கேப்பு இறங்க வேண்டுமானால் அந்த விளிம்பை நீக்கியாக வேண்டும். இதற்கு 'கேப்புப் பூட்டு' என்று தனிப் பெயர் கொடுத்துவிட்டால் வாயோடு குழம்பாது.